முதுகு காட்டிய வேலி

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் கட்டடப் பிரிவு இரண்டாம் மாடியின் கடைசி அறை. அதில் ஜன்னலோரம் கிடக்கும் மேஜைக்கு வேலி மேஜை என்று பெயர். வீட்டைச் சுற்றி மனிதர்கள் எழுப்பிக்கொள்ளும் மதில், கம்பி, பலகை, செடி எல்லாவற்றுக்கும் இவ்வளவுதான் உயரம், இந்தப் பக்கம்தான் வாசல் என்று சொல்லும் மேஜை அது. யாரும் விரும்பி அங்கே உட்கார்ந்ததில்லை. வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவன் சிரித்த முகத்தோடு வருவான். வேலிக்காக வருகிறவன் பக்கத்து வீட்டுக்காரனோடு கட்டிப் புரண்டுவிட்டு நேராக இங்கே வருவான். முன்பு இருந்த ஆட்கள் ஒவ்வொருவராக மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிய பிறகு, டைப்பிஸ்டாக இருந்த ஒரு பெண்மணி அந்த மேஜையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அடுத்த மேஜையில் உட்கார்ந்து வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் ஓணான் செய்த கூத்து முழுவதையும் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

ஊர் அவருக்கு வைத்த பெயர் நாலடி. முன்வேலி நாலடிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் அதைச் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் உயரமானவர் இல்லை. நாலடியைக் கொஞ்சம் தாண்டுவார், அவ்வளவுதான். மேடத்தை வாசலில் நிற்க வைத்தால் அவருக்கே நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் பிரிவுத் தலைவர் ஒருமுறை சொன்னார். அந்த ஜோக்கை வெளியே பரப்பியது வேறு யாருமில்லை, மேடமேதான்.

விதி என்று பார்த்தால் அதிகமில்லை. முன்வேலி நாலடி, அதுவும் ஊடே பார்வை போகிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்திலும் பின்னாலும் ஆறடி வரை போகலாம். தெருமுனை வீடு என்றால் முனையில் இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும், திரும்புகிற வண்டிக்கு எதிரே வருவது தெரிவதற்காக. மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிக்கக் கூடாது. கேட் உள்பக்கமாகத்தான் திறக்க வேண்டும், தெருவில் போகிறவன் மூக்கை உடைக்கக் கூடாது. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் புரியும். வளர்ந்தவர்களுக்குத்தான் புரியாது.

வேலி விஷயத்தில் மனிதனுக்கு வருகிற புத்தி வேறு எதிலும் வராது என்பது என் கருத்து. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் முன்வேலியை ஐந்தடிக்கு உயர்த்திவிட்டு, அடியில் ஒரு அடிக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கினார். தரையிலிருந்துதானே அளக்கச் சொல்லியிருக்கிறது, அளந்துகொள்ளுங்கள் என்றார். மேடம் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிவிட்டு, "இந்தத் தரை எப்ப சார் பொறந்துச்சு?" என்று கேட்டார். இன்னொரு வீட்டில் ஒரு அம்மாள் நாலடி மதில் மேல் பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் கொடியைப் படரவிட்டிருந்தார். தொட்டி வேலியில் சேராது என்பது அவர் வாதம். சேராதுதான் என்று மேடம் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு தொட்டி யார் தலையிலாவது விழுந்தால் அது போலீஸ் விஷயத்தில் சேரும் என்றார். மறுநாள் தொட்டிகள் கீழே இறங்கிவிட்டன. இதிலெல்லாம் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கையில் அளவு நாடா இருக்கிறவன் கத்த வேண்டியதில்லை என்பார்.

அவருக்குப் பிடித்த விதி வேறு ஒன்று. பலகை வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு. பலகை வரிசையாக, வழவழவென்று தெரிகிற பக்கம் ஒன்று. கம்பமும் குறுக்குச் சட்டமும் ஆணி முனையும் துருத்திக்கொண்டு தெரிகிற பக்கம் இன்னொன்று. விதிப் புத்தகம் இவற்றுக்கு வாயில் நுழையாத பெயர் ஏதோ வைத்திருக்கிறது. தச்சர்களும் ஊரும் முகம், முதுகு என்றே சொல்வார்கள். வேலியின் முகம் பக்கத்து வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும், முதுகு வேலி போட்டவன் பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. போடுகிறவனுக்கோ அழகான பக்கம் தனக்கு வேண்டும். என் வேலி, நான் தினமும் பார்க்க வேண்டியது, எதற்காக அவனுக்கு அழகைக் காட்டிவிட்டு நான் ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்பான். கேள்வி நியாயமானதுதான். மேடத்திடம் அதற்கு ஒரே பதில் இருந்தது.

"வேலி வேணும்னது நீங்க. அவங்க கேக்கல. கேக்காதவங்களுக்கு முதுகைக் காட்டலாமா? முகத்தைக் காட்டுங்க."

இதில் ஒரு சின்ன நெளிவு உண்டு. உயரம் கூடிப்போனால் அலுவலகம் தானாகவே போய்க் கேட்கலாம், நோட்டீஸ் கொடுக்கலாம். முகம் திரும்பியிருந்தால் அப்படிச் செய்ய முடியாது. முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் வந்து புகார் சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் இருவர் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொண்டிருந்தால் அதில் நகராட்சி மூக்கை நுழைக்க வேண்டாம் என்று விதி எழுதிய மகராசன் நினைத்திருக்கிறான். அதனால் புகார் வராத வேலிகளுக்கு மேடம் உத்தரவு எதுவும் போடமாட்டார். ஆனால் போகிற வழியில் ஒரு வேலி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் அந்த வீட்டுக் கேட்டைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டமாட்டார். ஒருமுறை நாங்கள் இருவரும் ஒரு துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாதி வழியில் ஆளைக் காணோம். திரும்பிப் பார்த்தால் எவன் வீட்டுக் கேட்டையோ தட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார். என்னிடம் சொன்ன காரணம், மாப்பிள்ளை வீட்டுக் கேட் வெளிப்பக்கமாகத் திறந்தது என்பது. அப்பா விட்டுப்போன மனையில் இரண்டு சின்ன வீடுகள். ஒன்றில் அவர், ஒன்றில் தம்பி குடும்பம். தம்பி பஸ் டிரைவர். சின்ன வயதில் அக்காவுக்கு மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்த காலத்திலிருந்து தெரியும் என்பதால் அவன் என்றே சொல்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி என்று எதுவும் இருந்ததில்லை. ஊர் முழுக்க வேலி அளக்கிறவர் வீட்டில் வேலியே இல்லை. துணி உலர்த்தும் கயிற்றின் ஒரு நுனி அக்கா வீட்டுச் சுவரிலும் மறுநுனி தம்பி வீட்டுச் சுவரிலும் கட்டியிருக்கும். யார் துணி எது என்று சாயங்காலம் பிரிப்பதே ஒரு வேலை.

தம்பிக்கு ஒரே மகள். டிரைவருக்கு வேளை கெட்ட வேளையில் டியூட்டி. அவன் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை, கடை பூட்டித்தான் வீடு திரும்ப முடியும். ஆக, பள்ளிக்கூடம் விட்டால் குழந்தை அத்தை வீட்டுக்குத்தான் வரும். பையை அங்கே எறியும், சாப்பிடும், வாய்ப்பாடு ஒப்பிக்கும், அத்தை மடியில் காலைப் போட்டுக்கொண்டு தூங்கும். அம்மா வந்து தூக்கிப் போவாள். அலுவலகத்தில் மேடம் வாயைத் திறந்தால் ஒன்று வேலி, இல்லாவிட்டால் மருமகள். மருமகளுக்குப் பல் ஆடுகிறது, மருமகள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். என் பேத்தியைப் பற்றித் தெரிந்ததைவிட அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியும்.

வினை முன்வேலியில் தொடங்கியது. தம்பி வீட்டுக்கு எதிரே தெரு வளைகிறது. இரவில் வளைவில் திரும்புகிற ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் அவன் படுக்கையறைக்குள் புகுந்து சுவரைத் தடவிவிட்டுப் போகும். விடியுமுன் பஸ் எடுக்கப் போக வேண்டிய ஆள். தூங்க வேண்டாமா? ஒரு லீவில் உட்கார்ந்து, வாசலை அடைத்து ஐந்தரை அடிக்குப் பலகை வேலி அடித்துவிட்டான். எதிர்வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்து புகார் சொன்னார். இந்த வேலியை நாலடி கண்டுகொள்ளவில்லையா என்று ஒரு கொக்கியையும் போட்டுவிட்டுப் போனார்.

மேடம் உடனே பிரிவுத் தலைவரிடம் போனார். சொந்தத் தம்பி வீடு, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்டார். தலைவர் நழுவுகிற மீன். உங்கள் தம்பிதானே, நீங்கள் சொன்னால் கேட்பார், வீட்டோடு முடித்துவிடுங்கள் என்று தப்பித்துக்கொண்டார். அது நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. அன்று ராத்திரி கொல்லைப்புறம் நாலு எட்டு நடந்து போய், டேய், குறைச்சிடுடா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மேடம் அப்படிச் செய்யவில்லை. மறுநாள் பட்டப்பகலில் கேட்டைத் தட்டி, நாடாவைப் பிடித்து அளந்து, எல்லாருக்கும் கொடுப்பது போல நோட்டீஸை அவன் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து டிப்போவிலிருந்து அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தானாம். பிறகு காகிதத்தைப் படித்துவிட்டு, "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டானாம்.

"வீட்டுல சொன்னா அது சலுகை," என்று மேடம் சொன்னார்.

இதைப் பெருமையாகத்தான் என்னிடம் வந்து சொன்னார். எனக்குப் பெருமையாக இல்லை. சலுகை என்பது அவ்வளவு பெரிய பாவமா? தம்பிக்குக்கூடத் தராத சலுகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்க வேண்டும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

தம்பி நோட்டீஸில் சொன்ன கெடுவுக்கு முன்பே முன்வேலியைப் பிடுங்கிவிட்டு, ஊடே பார்வை போகிற கம்பி வலையை நாலடிக்கு அடித்தான். அதோடு விட்டிருக்கலாம். பிடுங்கிய பலகைகள் வாசலில் குவிந்து கிடந்தன. இன்னும் கொஞ்சம் பலகை வாங்கினான், டிப்போவில் சுத்தியலும் குறடும் கடன் வாங்கினான். அடுத்த லீவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே, முன்வாசலிலிருந்து கொல்லைக் கடைசி வரை பக்கவேலி அடித்தான். கீழே அரையடி சந்து விட்டு, தலை சரியாக ஆறடியில் நின்றது. ஓர் அங்குலம் கூடவில்லை. அக்காவோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட வீடு, அவனுக்கு விதியெல்லாம் மனப்பாடம். துணிக் கயிறு நடுவில் அறுந்து இரண்டு பக்கமும் தொங்கியது.

மேடம் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தார். எதிரே கம்பங்களும் குறுக்குச் சட்டங்களும் ஆணி முனைகளும் நின்றன. வேலி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

தச்சன் எவனும் அதை அப்படி அடித்திருக்கமாட்டான், ஊரில் எல்லாருக்கும் நாலடி மேல் பயம். அதனால்தான் அவனே அடித்திருக்கிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கைதவறு என்று சொல்லவும் வழியில்லை. முகம் எது, முதுகு எது என்று தெரியாத வீடு அது இல்லை. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். வேலியை நன்றாகத்தான் அடித்திருந்தான். மேடம் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். புகார் சொல்லுங்கள், வேறு வட்டத்து ஆளை அனுப்புவார்கள், ஒரு வாரத்தில் திருப்பி அடிக்க வைத்துவிடலாம் என்றேன். 

"முதுகைக் காட்டினவன்கிட்ட போயி, மூஞ்சியைக் காட்டுடான்னு ஆர்டர் போடச் சொல்றீங்களா?" என்றார். "ஆர்டருக்குத் திரும்புற மூஞ்சி எனக்கு எதுக்கு?"

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தின் மறுபக்கத்தில் குழந்தை இருந்தது. வேலி வந்த பிறகு குழந்தை அந்தப் பக்கம் வருவதில்லை. பள்ளிக்கூடம் விட்டால் துணிக்கடைக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவே அம்மா வேலை முடிகிற வரை உட்கார்ந்திருந்தது. தெரு வழியாக வந்திருக்கலாம், கேட் பூட்டியிருக்கவில்லை. ஆனால் அத்தை முதலில் நம் வீட்டுக்கு வரட்டும், அப்புறம் நீ போகலாம் என்று அப்பா சொல்லிவிட்டானாம், இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேடம் பயந்தார். குழந்தைக்கு மறதி சீக்கிரம் வரும், இன்னும் கொஞ்ச நாள் போனால் அத்தை என்பவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருமுகிற யாரோ ஒருத்தியாகிவிடுவாள் என்று என்னிடமே சொன்னார். புகார் சொன்னால் வேலி திரும்பும், தம்பி திரும்பமாட்டான். சொல்லாவிட்டால் இரண்டும் அப்படியே நிற்கும். இந்த இரண்டில் எது தேவலை என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

குழந்தை ஒன்றும் மறக்கவில்லை. லீவு நாட்களில் வேலியோரம் வந்து நிற்கும். கீழே சந்தில் இரண்டு செருப்பு தெரியும். அங்கே நின்றுகொண்டு உரக்க வாய்ப்பாடு சொல்லும், அதுவும் தப்புத்தப்பாக. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று கத்தும். மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். ஏழொன்பது அறுபது என்று கேட்டதும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, "அறுபத்து மூணுடி," என்று சொல்லிவிடுவார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும், செருப்பு ஓடிவிடும். அவளுக்குச் சரியாகவே தெரியும், என்னைப் பேச வைக்கத்தான் தப்பாகச் சொல்கிறாள், கள்ளி, என்று மறுநாள் அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இதற்கிடையில் வேலி மேஜையின் மவுசு இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்ற பேச்சு எங்கும் பரவிவிட்டது. முன்பு மேடம் ஒரு வேலியைத் திருப்பி அடிக்க வைத்த ஆள் ஒருவர் வேறு வேலையாக மாடிக்கு வந்தார். போகிற போக்கில், "உங்க வீட்டுல முதுகு தெரியுதாமே மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேடம் ஆமாம் என்றார்.  அதற்குப் பிறகு அவர் உயரம் மட்டும்தான் பார்த்தார். முகத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. ஒருநாள் நாங்கள் சேர்ந்து நடந்து போகும்போது புதிதாக அடித்த வேலி ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் பழக்கத்தில் நின்றுவிட்டேன். அவர் நிற்காமல் குனிந்த தலையோடு போய்க்கொண்டிருந்தார். முன்பு அவர் நின்றதற்கு எரிச்சல்பட்டவன் நான்தான். அன்று அவர் நிற்காதது பொறுக்கவில்லை.

தம்பி மனைவியைக் கடைவீதியில் பார்த்தேன். நல்ல பெண், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தாள். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் ஆண்டவன் வாயைக் கொடுத்திருக்கிறான், ஆனால் எங்கள் வீட்டில் வேலிதான் பேசுகிறது என்றாள். அந்த வேலியையாவது திருப்பி அடியுங்கள், ஊர் சிரிக்கிறது என்று தினமும் சொல்லிப் பார்க்கிறாளாம். அக்கா வந்து சொல்லட்டும், அப்புறம் திருப்புகிறேன் என்ற ஒரே பதில்தானாம். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் முதலில் எட்டிப் பார்க்கிறவனும் அவன்தானாம். எனக்கு அது திமிராகப் பட்டது, மேடத்திடம் சொல்லவில்லை. தப்புச் செய்தவன் வீட்டு வாசலுக்கு அக்கா நடந்து போக வேண்டுமா? நீரடித்து நீர் விலகாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் ஆறடிப் பலகை வேலி இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்து போனது. பலகைகள் நனைந்து கறுத்தன, ஆணி முனைகள் துருப்பிடித்தன. மேடம் சமையலறை ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்.

பிறகு ஒருநாள் காலை, அலுவலகத்தில் கூட்டம் குறைவாக இருந்த நேரம். வேலி மேஜைக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். முதல் ஆளுக்குச் செடி வேலிப் பிரச்சினை. பக்கத்து வீட்டுச் செடியின் கிளை இவர் பக்கம் சாய்கிறதாம். அவருக்குப் பின்னால் டிரைவர் சீருடையில் நின்றது தம்பி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறி வந்திருக்கிறான். மேடம் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார். பிறகு செடிக்காரரிடம் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார். அது என்ன செடி என்று மூன்றாவது தடவையும் கேட்டபோது செடிக்காரர் பயந்துபோய், பிறகு வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

தம்பி முன்னால் வந்தான்.

"சொல்லுங்க," என்றார் மேடம். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"ஒரு வேலி. முதுகு பக்கத்து வீட்டைப் பாத்து இருக்கு. இத்தனை நாளா ஆபீஸ்லேருந்து யாரும் வந்து கேக்கல."

"உயரம்?"

"ஆறடி. உயரத்துல தப்பு இல்ல."

"உயரம் சரியா இருந்தா நாங்களா வர முடியாது. முகம் திரும்பியிருந்தா, பாதிக்கப்பட்டவங்கதான் நேர்ல வந்து புகார் சொல்லணும்."

"தெரியும். அவங்க சொல்ல மாட்டேங்கறாங்க."

"அவங்க சொல்லலன்னா விட்டுற வேண்டியதுதான். ஆபீஸ் ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டில் பேசிப் பழகிக்கொண்டு வந்த வசனம் அதோடு தீர்ந்துவிட்டது போலிருந்தது. அவன் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். 

"பாதிக்கப்பட்டவன் நான்தான்க்கா," என்றான். "ஊர்ல எவன் வேலி முதுகு காட்டினாலும் கேட்டைத் தட்டுவே. முன்பின் தெரியாதவன் வீட்டையெல்லாம் தட்டுவே. நானும் அப்படி அடிச்சா, நீ என் கேட்டையும் தட்டுவேன்னு நெனச்சேன். திட்டவாவது வருவேன்னு நெனச்சேன். தினம் வாசல்ல உக்காந்து பாத்தேன். ஏன்க்கா வரல?"

 நான் வரைபடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன், ஆனால் காதை எங்கே கொண்டு போய் வைப்பது?

"நான் உன் மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாதுன்னு நீ அடிச்சிருக்கேன்னு நெனச்சேன்டா," என்றார் மேடம். குரல் உடைந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

 பிறகு மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார்.

"ஆணி பிடுங்கற குறடு வெச்சிருக்கியா?"

"இல்ல. டிப்போவுல வாங்கினது, அப்பவே திருப்பிக் குடுத்துட்டேன்."

"என் வீட்டுல இருக்கு. வா."

செடிக்காரர் வாசலிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்து மேடம் எங்கே என்று கேட்டார். ஒரு வேலி விஷயமாக வெளியே போயிருக்கிறார், இன்றைக்கு வரமாட்டார் என்று சொல்லி அனுப்பினேன்.